கொழுந்தும் அறிவமைப்பும்

பகாங் மலைத்தொடரில் 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டறிந்த மேட்டுநிலம், அவர் பெயராலேயே கேமரன் மலை என வழங்குகின்றது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அங்குப் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காடு திருத்திக் கொழுந்து கொய்தவருள் தமிழர் பங்கு பெரிது. அவர்தம் உழைப்பைப் பலகாலும் போற்றிய நாம், அவர்தம் தொழிலறிவைப் பதிவு செய்தோமா?

தேயிலை செய்தல் ஒரு வேதியியல் தொழிலே. கொய்த கொழுந்தை முதலில் வாட்டுவர். ஈரம் குறைந்து இலை துவளும். பின்னர் உருட்டுவர், இலையின் அணுவறைகள் சிதைந்து சாறு வெளிப்படும். சாற்றிலுள்ள நொதியின் துணையால் கேட்டகின்கள் உயிர்வளியோடு வினைபுரிந்து, தியாஃபிளேவின், தியாருபிஜின் என்னும் பொருள்களாக மாறும். செந்நிறமும் சுவையும் பிறப்பது இந்நிலையிலேயே. உரிய நேரத்தில் வெப்பக்காற்றைச் செலுத்தி நொதியை அடக்கி, ஈரத்தை நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்காகக் குறைப்பர். இறுதியில் சலித்துத் தரம் பிரிப்பர்.

இத்தகைய தொழிலறிவை முறைப்படுத்தும் முயற்சி மேலைநாட்டில் படிப்படியாக வளர்ந்தது. 1915இல் ஆர்தர் டி. லிட்டில் என்னும் அமெரிக்கர், எவ்வேதித் தொழிலையும் உலர்த்தல், வடித்தல் போன்ற சில அலகுச் செயல்களாகப் பகுக்கலாம் என்றார். கணினி வந்தபின், அவ்வறிவைப் பொறியும் உணருமாறு வகுக்க வேண்டியதாயிற்று. செருமனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்காங் மார்குவார்ட் குழுவினர் உருவாக்கிய ஆன்டோகேப் என்னும் அறிவமைப்பு, 2010இல் நூலாகவும் வெளிவந்தது. பொருள், செயல், கருவி, பண்பு எனப் பகுத்து, அவற்றிடையேயுள்ள தொடர்பை ஐயமற வரையறுப்பதே இத்தகைய அமைப்பின் நோக்கம். கொழுந்து பொருள், வாட்டுதல் செயல், வாட்டுந்தொட்டி கருவி, ஈரம் பண்பு. மழைநாளில் காற்றின் ஈரம் மிகுந்தால் வாட்டுதல் தாமதமாகும் என்பது இவற்றை இணைக்கும் விதி.

பெயர் பிழைத்தால் அமைப்பும் பிழைக்கும். இலை செந்நிறம் பெறுவதை நொதித்தல் என்பது வழக்கு. ஆயினும் அம்மாற்றத்தை நிகழ்த்துவது நுண்ணுயிரன்று. இலையின் சொந்த நொதியே. ஆதலின் உயிர்வளியேற்றம் என்பதே பொருந்தும்.

வகைப்படுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுத்தது தொல்காப்பிய மரபியல். எனினும், தொட்டுப் பார்த்து வாட்டத்தையும், முகர்ந்து பார்த்துப் பக்குவத்தையும் அறிந்த தோட்டத் தமிழரின் அறிவு ஏட்டில் ஏறாமலே போயிற்று. இன்று தோட்டங்களில் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாட்டவரே மிகுதியாக உழைக்கின்றனர். தமிழ் மூத்தோர் மறையுந்தோறும் அவர்தம் தொழிற்சொற்களும் மறைகின்றன.

எனவே, ஆசிரியரும் மாணவரும் அம்மூத்தோரை நாடிச் செல்லுதல் வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் கேட்டு, அது பொருளா, செயலா, கருவியா, பண்பா எனப் பகுத்து எழுதுதல் வேண்டும். உழைத்தோரை அறிந்தோராகவும் வரலாற்றில் நிறுத்த அதுவே வழி.