வடிகட்டி இழைகள்

காற்றிலும் நீரிலும் கலந்த துகள்களைப் பிடித்து நிறுத்த வடிகட்டிகளில் அடுக்கப்படுபவை வடிகட்டி இழைகள். பருத்தி, மரக்கூழ், கம்பளி, கண்ணாடி, பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன் எனப் பலவும் இதற்குப் பயன்படுகின்றன. இழைப் படலத்தைச் சல்லடையாகவே எண்ணிப் பழகிவிட்டோம். காற்று வடிகட்டிக்கு அந்த எண்ணம் பொருந்தாது. கண்ணாடி நுண்ணிழைத் தாளில் உள்ள இடைவெளிகள், அது பிடிக்கும் துகள்கள் பலவற்றைவிடப் பெரியவை. கனத்த துகள், இழையைச் சுற்றி வளைந்தோடும் காற்றோடு திரும்ப முடியாமல் நேரே போய் மோதி ஒட்டிக்கொள்கிறது. 0.1 மைக்ரானுக்கும் சிறியதோ, காற்று மூலக்கூறுகள் இடிக்க இடிக்க அலைந்து ஏதாவதோர் இழையில் சிக்கிவிடுகிறது. இரண்டிலும் சேராமல் 0.3 மைக்ரானை ஒட்டி நிற்கும் இடைத்தரத் துகள்தான் அதிகம் தப்புகிறது. ஹெபா எனும் உயர்திறன் காற்று வடிகட்டி அந்த அளவில் 99.97 சதவீதம் பிடிக்க வேண்டும் என்று தரம் வகுத்தது அதனால்தான். வெறும் சல்லடையானால் மிகச் சிறியதல்லவா எளிதில் தப்ப வேண்டும்?

ஆகவே இழை எதனால் ஆனது என்பதைவிட எவ்வளவு நுண்ணியது என்பதே முதற்கேள்வி. இரண்டாம் உலகப்போர்க் கால நச்சுவாயு முகமூடிகளில் மரக்கூழோடு கல்நாரைக் கலந்ததற்குக் காரணம், அது மிக நுண்ணிய இழைகளாகப் பிரியும் என்பதே. அதே நுண்மைதான் அதை நுரையீரலின் ஆழத்துக்கும் கொண்டுபோகிறது. 1950களில் கண்ணாடி நுண்ணிழை அதன் இடத்துக்கு வரத் தொடங்கியது. ஆனால் அதே காலத்தில், 1952 முதல் 1956 வரை, கென்ட் சிகரெட்டின் வடிகட்டியில் நீலக் கல்நார் இருந்தது. உடல்நலத்துக்குக் காப்பு என்று சொல்லித்தான் அதை விற்றார்கள்!

என்95 முகக்கவசத்தின் பாலிப்ரொப்பிலீன் இழைகள் அவ்வளவு நுண்ணியவை அல்லவே, பிறகெப்படி 95 சதவீதம் பிடிக்கின்றன என்று கேட்கலாம். அவற்றில் நிலைமின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து உலர்த்தினால், இழையும் இடைவெளியும் அப்படியே இருக்க, பிடிக்கும் திறன் மட்டும் வெகுவாகச் சரிந்துவிடும்.

இழைப் படலம் சல்லடை அல்ல என்பதற்கு வலுவான மறுப்பு நீரிலிருந்து வருகிறது. நீரில் துகள்களின் அலைவு மிக மெதுவானது. அங்கே சல்லடை வேலைதான் மேலோங்குகிறது. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், பருத்திச் சேலைத் துணியை மடித்துக் குடிநீரை வடிகட்டிய ஊர்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது. மடிப்பின் கண்கள் ஏறத்தாழ 20 மைக்ரான். தனித்த காலராக் கிருமி அதில் தாராளமாக நுழைந்துவிடும். கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் மிதவை நுண்ணுயிர்கள்தான் நுழைய முடியாமல் நிற்கின்றன. இதற்குப் புதுச் சேலையைவிடப் பழஞ்சேலையே ஏற்றது. துவைத்துத் துவைத்து நூல் பிசிறியதில் அதன் கண்கள் சுருங்கியிருக்கும்.