முதலில் எந்தக் கை? உயரமான இடக்கைக்காரரை எதிர்கொள்ளும் முறை: ஒரு மறுவாசிப்பு

2023 ஏப்ரல் 8 அன்று கலிஃபோர்னியாவின் கார்சனில் பிரையன் மென்டோசா, செபாஸ்டியன் ஃபண்டோராவை வீழ்த்திய ஏழாவது ரவுண்டு 39 வினாடிகளில் முடிந்துபோனது. ஃபண்டோரா சுமார் 197 செ.மீ. உயரமுள்ள இடக்கைக்காரர். 70 கிலோவுக்குச் சற்றே குறைந்த எடைப்பிரிவில் இப்படியோர் உடல்வாகு மிக அரிது. மென்டோசா வலக்கைக்காரர், உயரத்தில் ஏறத்தாழ 19 செ.மீ. குறைந்தவர். ஃபண்டோராவைச் சாய்த்த குத்துகளின் வரிசை இது: இடக்கை ஹூக், வலக்கை, அவர் விழுந்துகொண்டிருக்கும்போதே மீண்டும் இடக்கை. இந்த வரிசையில் முதலில் வந்த கை எது என்பதுதான் இங்கே என் அக்கறை.

பயிற்சிக்கூடங்களில் சொல்லித்தரப்படுவதும், அதை ஒட்டி எழுந்த ஆய்வுகள் வழிமொழிவதும் வேறு வரிசை. முன்காலை எதிராளியின் முன்காலுக்கு வெளியே வை; உன் இடப்பக்கமாகச் சுற்று; வலக்கையை நேராக விடு; இடக்கையை அளவெடுக்க மட்டும் வைத்துக்கொள். எதிராளி உயரமானவர் என்றால் இதையே இன்னும் கறாராகக் கடைப்பிடிக்கச் சொல்வார்கள். உயரம் கூடக்கூட அவருடைய இடக்கை கிராஸின் ஆபத்தும் கூடுமாம், ஆகவே அதிலிருந்து விலகிச் சுற்றும் தேவையும் கூடுமாம். முற்பாதியோடு எனக்குப் பிணக்கில்லை. பிற்பாதிதான் பொருந்தவில்லை.

வெளிக்கால் விதி சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கும் ஓர் அனுமானம் உண்டு: இருவருக்கும் கைநீட்டம் ஏறத்தாழ ஒன்று. ஃபண்டோராவின் கைநீட்டம் 203 செ.மீ. அந்த வீச்சுக்கு வெளியே நின்று சுற்றுபவர் பெரிய வட்டத்தின் விளிம்பில் நடக்கிறார். உயரமானவர் மையத்தில் நின்று முன்கால் பாதத்தைச் சற்றே திருப்பினால் போதும், பழைய கோணம் மீண்டுவிடும். குட்டையானவர் செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருக்க, ரவுண்டு போய்விடும். நெருங்கியபின் கணக்கு மாறுகிறது. வட்டம் சிறுத்துவிடுவதால் ஒரே அடிவைப்பில் பெரிய கோணம் கிடைக்கிறது. அதாவது, வெளிக்கால் என்பது நெருங்குவதற்கான வழி அன்று. நெருங்கியவருக்குக் கிடைக்கும் பலன்.

நெருங்கியபின் எந்தக் கை என்பது அடுத்த கேள்வி. வலக்கையை நேராக விட இடம் வேண்டும். தன் தலைக்கு மேலே இருக்கும் தாடையை நோக்கி, மார்போடு மார்பாக நிற்கும் தூரத்திலிருந்து விட்டால், அந்தக் குத்து செங்குத்தாக ஏற வேண்டியிருக்கிறது. தோளின் பலம் பாதி வழியிலேயே கழன்றுவிடுகிறது. ஹூக்குக்கு இந்தச் சங்கடம் குறைவு. இடக்கைக்காரரின் வலது தோள் தாடையை மறைக்கிறதே என்பார்கள். மறைக்கிறது, தோள் மேலே இருக்கும்வரை. உயரமானவர் நெருக்கத்தில் அடிக்க வேண்டுமானால் குனிய வேண்டும், கைகளைக் கீழே இறக்க வேண்டும். அப்போது மறைப்பும் இறங்குகிறது, தாடையும் இறங்குகிறது. இத்தனை உயரம் இருந்தும் உள்ளே புகுந்து மல்லுக்கட்டுவதில் ஃபண்டோராவுக்கு இருந்த ஆசையை அவருடைய சண்டைகளைப் பார்த்த எவரும் அறிவர். தன் உயரத்தைத் தானே குறைத்துக்கொண்டவரைத்தான் மென்டோசாவின் ஹூக் சந்தித்தது. வலக்கை பிறகு வந்தது. ஹூக் அதற்கு வழி திறந்த பிறகு.

இந்த 39 வினாடிகளை விபத்து என்று ஒதுக்கும் வாசிப்பு செல்வாக்குள்ளது. அதன் முக்கியச் சான்று ஸ்கோர்கார்டு: ஆறு ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களிடமும் ஃபண்டோராவே முன்னிலையில் இருந்தார். உண்மைதான். ஆனால் எந்த ரவுண்டை யார் வென்றார் என்பதைத்தான் நடுவர் குறிக்கிறார். எந்தக் குத்துக்கு எங்கே இடம் இருந்தது என்பது அவர் வேலை அன்று. இதற்கு மேல் அந்தச் சான்றோடு மல்லுக்கு நிற்கத் தேவையில்லை.

ஓராண்டுக்கு முன், 2022 ஏப்ரலில், எரிக்சன் லூபினுடனான சண்டையின் ஏழாவது ரவுண்டிலும் ஃபண்டோரா முழங்காலிட்டு எண்ணிக்கை வாங்கியிருந்தார். லூபினும் இடக்கைக்காரர் என்பதால் அங்கே வெளிக்கால் விதிக்கே வேலை இல்லை. நெருக்கம்தான் ஃபண்டோராவின் பலவீனம், எதிராளியின் கால் எங்கே இருந்தது என்பது இரண்டாம்பட்சம் என்று கொள்ள இது இடம் தருகிறது. அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். அந்தச் சண்டையை ஒன்பதாவது ரவுண்டுக்குப் பிறகு நிறுத்தியது லூபின் தரப்புதான்.

வலுவான மறுப்பு டிம் சூ வடிவில் வருகிறது. 2024 மார்ச் 30 அன்று லாஸ் வேகாஸில் அவர் ஃபண்டோராவிடம் பிளவுத் தீர்ப்பில் தோற்றார்: இரு நடுவர்கள் 116-112, 115-113 என ஃபண்டோராவுக்கும், மூன்றாமவர் 116-112 எனச் சூவுக்கும் கொடுத்தனர். 2025 ஜூலையில் நடந்த மறுசண்டையில் முதல் ரவுண்டிலேயே விழுந்து, ஏழாவது ரவுண்டுக்குப் பிறகு எழுந்து வரவில்லை. சூ நெருங்கிச் சண்டையிடும் வலக்கைக்காரர், நல்ல ஹூக் உள்ளவர். போதாக்குறைக்கு 2023 அக்டோபரில் இதே மென்டோசாவைப் புள்ளிகளில் வென்றவர். நெருக்கமும் ஹூக்கும் போதுமென்றால் அவர் ஏன் தோற்றார்?

முதல் சண்டையிலிருந்து பெரிதாக எதையும் பிழிந்தெடுக்க முடியாது. இரண்டாவது ரவுண்டின் இறுதியில் சூ குனிந்து புகும்போது ஃபண்டோராவின் முழங்கையில் மோதி உச்சந்தலை கிழிந்தது. மீதி பத்து ரவுண்டும் கண்ணில் ரத்தம் வழிய ஆடினார். ஆனால் அந்தக் காயம் ஒன்றைக் கற்பிக்கிறது. இடுப்பை மடித்துத் தலையை முன்னே நீட்டிப் புகுபவர், உயரமானவரின் முழங்கை மட்டத்துக்குத் தலையைக் கொண்டுபோய் வைக்கிறார். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, ஜாபுக்கு வெளியே தலையை நழுவவிட்டுப் புகுந்தால் அந்த ஆபத்து குறையும். ‘குனிந்து போ’ என்று இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். மறுசண்டை வேறு விஷயம். மென்டோசாவிடம் தோற்றபின் ஃபண்டோரா வலக்கை ஜாபை அதிகம் நம்பத் தொடங்கினார். உள்ளே இழுத்துக்கொள்வதைக் குறைத்தார். என் வாதம் குனிந்து வரும் உயரமானவரைப் பற்றியது. குனிய மறுப்பவருக்கு இதே வரிசை செல்லுமா என்பதற்கு மறுசண்டை எதிர்மறையான விடையே தருகிறது, அதை ஏற்கிறேன்.

ஹூக் முதலில் என்பது மென்டோசாவின் கண்டுபிடிப்பும் அன்று. 2001 ஏப்ரலில் மார்கோ அன்டோனியோ பரேரா, இடக்கைக்காரரான நசீம் ஹமீதை அடக்கியதில் இடக்கை ஹூக்குக்குப் பெரும் பங்கு உண்டு. ஹமீது பரேராவைவிடக் குட்டையானவர் என்பதால் அந்தச் சான்று செல்லாது என்பார்கள். உயரம் மாறினாலும் ஹூக் நிற்கிறது என்பதற்குத்தானே அது சான்று.

பயிற்சிக்கூடத்தில் இந்த வரிசை ஏன் கண்ணில் படவில்லை? ஸ்பாரிங்கில் 16 அவுன்ஸ் கையுறை; இந்த எடையில் போட்டிக்கு 10 அவுன்ஸ். பெரிய கையுறைகள் இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் நடுவில் நேர்க்குத்துக்கு வழி அடைபடும். ஹூக் சுற்றிக்கொண்டு போகும். ஆக, ஸ்பாரிங் ஹூக்குக்குச் சாதகமாகவே அமைந்திருக்கிறது. அப்படியும் அது தெரியாமல் போவதற்கு, எதிரே நிறுத்தப்படும் ஆளே காரணம் என்று நினைக்கிறேன். உயரமான இடக்கைக்காரர் எளிதில் அகப்படுவதில்லை. உயரமான வலக்கைக்காரர் ஒருவரைக் கால் மாற்றி நிற்கச் சொல்கிறார்கள். அவருடைய பலமான கை அப்போது முன்னே வந்துவிடும். பின்னே இருக்கும் இடக்கையில் சரக்கிருக்காது. பழக்கமில்லாத நிலை என்பதால் அவர் குனிந்து உள்ளே வரவும் துணியமாட்டார். எட்ட நின்று ஜாப் விட்டுக்கொண்டிருப்பார். அவரைச் சுற்றிச் சுற்றி வலக்கை விட்டுப் பழகியவருக்கு வெளிக்கால் விதி ஒருநாளும் பொய்த்திருக்காது.