சட்டாம்பிள்ளை முதல் ‘மாணவர் மனசு’ பெட்டி வரை: தமிழகத் தொடக்கப் பள்ளி ஒழுங்கு விதிகளின் இருநூறு ஆண்டுகள்

தமிழகப் பள்ளிகளின் ஒழுங்கைப் பற்றிப் பேசப் புகுந்தவர்கள் பெரும்பாலும் வாத்தியாரின் பிரம்பைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். பிரம்பு யார் கையில் இருந்தது, எப்போது பிடுங்கப்பட்டது, பிடுங்கியது சரியா என்பவையே விவாதம். பிள்ளையைப் பிள்ளை வதைப்பது அந்த விவாதத்தில் இடம்பெற்றதில்லை. விதிகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் அதற்கான காரணம் தெரிகிறது. விதிகள் முதலில் ஆசிரியரின் அடியை அளந்தன. பிறகு மாணவரின் உடையையும் தலைமுடியையும் கவனித்தன. மாணவருக்கு மாணவர் இழைக்கும் கொடுமையை அவை கண்டுகொண்டது கடைசியில்தான். தொடக்கப் பள்ளியைப் பொறுத்தவரை இன்னும் சரியாகக் கண்டுகொள்ளவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

திண்ணையில் இருந்த ஒழுங்கு

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள் உள்ளன, யார் படிக்கிறார்கள் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் பதிவாகியிருக்கிறார்கள். இந்தக் கணக்கோடு வந்த அறிக்கைகளில் பள்ளி நடைமுறையை விரித்துச் சொல்வது பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை. காலையில் பள்ளிக்கு முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்குச் சுழியம். அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு இலேசாக ஓர் அடி, நான்காவது ஆளுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருபவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடும். சோம்பேறிப் பையனை இரு கைகளையும் கட்டிக் கூரையில் தொங்கவிடுவதையும், ஓயாமல் மண்டியிட்டு எழச் சொல்வதையும் கேம்ப்பெல் எழுதுகிறார். இரண்டாவது தண்டனை உடம்புக்கு நல்லதாகக்கூட இருக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கவும் அவர் தவறவில்லை.

பெல்லாரி தமிழ்ப் பகுதி அல்ல. ஆனால் தமிழ்த் திண்ணைகளிலும் வழக்கம் இதுதான். முதலில் வருபவனுக்கு ‘வேத்தான்’ என்று தனிப் பெயரும் மரியாதையும் இருந்ததை உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ சொல்கிறது. கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் தண்டனைக்குக் ‘கோதண்டம்’ என்று பெயர்.

இந்த ஒழுங்கை அன்றாடம் நடத்தியவர் வாத்தியார் மட்டும் அல்லர். மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருப்பான். சிறுவர்களுக்குப் பாடம் கேட்பதும் வராதவனை வீட்டிலிருந்து இழுத்து வருவதும் வாத்தியார் இல்லாத நேரத்தில் அடக்கி வைப்பதும் அவன் வேலை. அவனுக்குத் தின்பண்டம் கொடுத்து அடியிலிருந்து தப்பிய கதைகள் அந்தத் தலைமுறையின் நினைவுகளில் ஏராளம். மூத்தவன் இளையவனை மிரட்டிப் பொருள் பறிப்பதை இன்று விதிகள் குற்றமாகப் பட்டியலிடுகின்றன. அன்று அது பள்ளி நிர்வாகத்தின் ஓர் உறுப்பாகவே இருந்தது.

ஐரோப்பியர்களுக்கு இந்த முறை பிடித்துப்போனது. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை அமைத்தார். 1797இல் இலண்டனில் அதை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. பெல்லின் பள்ளியில் குற்றங்களைக் குறிக்க ஒரு கறுப்புப் புத்தகம் இருந்தது. அதில் பெயர் ஏறியவர்களை மாணவர்களே நடுவர்களாக அமர்ந்து விசாரித்தார்கள். அவருக்குப் போட்டியாக இலண்டனில் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டர், தவறு செய்த பையனைக் கூடையில் வைத்துக் கூரையில் ஏற்றி மற்றவர்கள் பார்த்துச் சிரிக்கும்படி செய்தார். கோதண்டத்தைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லும் தகுதி அந்தக் காலத்து இலண்டனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

சட்டாம்பிள்ளை இன்றும் போய்விடவில்லை. ‘கிளாஸ் லீடர்’ என்ற பெயரில் இருக்கிறார். டீச்சர் ஹெச்.எம். அறைக்குப் போனதும் லீடர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு எழுதிக் கோடு போடுவார். பெயர் ஏறிய பிறகும் பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மறுபடியும் பேசினால் இன்னொன்று. லீடருக்கு வேண்டியவர் பெயர் அழிபடும், வேண்டாதவர் வாயைத் திறக்காமலே பட்டியலில் இருப்பார். எட்டு வயதுப் பிள்ளை அதிகாரம் என்றால் என்ன என்று முதல் பாடம் படிப்பது இந்தப் பலகையில்தான்.

ஆறு அடி

கிழக்கிந்தியக் கம்பெனியின் கடைசி ஆண்டுகளில், 1854ஆம் ஆண்டு உட் அறிக்கைக்குப் பிறகு, மானியம் வாங்கும் பள்ளிகள் அரசு விதிகளுக்குள் வந்தன. மதராஸ் கல்வி விதிகளாக இருந்து பின்னர் தமிழ்நாடு கல்வி விதிகளானவற்றில் 51ஆம் விதி அடியைப் பற்றியது. பொதுவாக உடல் தண்டனை கூடாது. வேண்டுமென்றே பொய் சொல்வது, ஆபாசமான பேச்சு அல்லது செயல், அப்பட்டமான கீழ்ப்படியாமை போன்ற ஒழுக்கக்கேடுகளுக்கு மட்டும் கொடுக்கலாம். அதுவும் கையில் ஆறு அடிக்கு மேல் போகக் கூடாது. தலைமையாசிரியரே அடிக்க வேண்டும், அல்லது அவர் மேற்பார்வையில் அடிக்க வேண்டும்.

இந்த விதியை எல்லாரும் ‘ஆறு அடி’க்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். சான்றாகச் சொல்லப்பட்ட குற்றங்களைத்தான் கவனிக்க வேண்டும். பொய் ஆசிரியரிடம் சொல்வது. கீழ்ப்படியாமை ஆசிரியருக்கு எதிரானது. ஆபாசம் பள்ளியின் மானத்துக்கு இழுக்கு. தன்னைவிடச் சிறியவனை அடிப்பது, அவன் சோற்றைத் தட்டிவிடுவது, சாதி சொல்லி ஏசுவது எதுவும் அந்தச் சான்றுகளில் இல்லை. மாணவனுக்கும் ஆசிரியருக்கும் இடையிலான உறவை மட்டுமே ஒழுக்கம் என்று விதி கருதியிருக்கிறது.

நடைமுறையில் ஆறு அடி என்ற எல்லையும் காகிதத்தோடு சரி. தலைமையாசிரியரைத் தேடிப் போய் அடித்தவர்கள் குறைவு. மேசை மேல் பிரம்போ வேப்பங்குச்சியோ அடிஸ்கேலோ எப்போதும் இருக்கும். “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று சொல்லிச் சேர்த்துவிட்ட அப்பாக்களின் ஒப்புதல் ஆசிரியருக்குத் துணை. அதற்குச் சட்டத்திலும் இடம் இருந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, காப்பாளரின் ஒப்புதலோடு, நல்லெண்ணத்தில் செய்யும் செயல் குற்றமாகாது என்ற 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவை ஆசிரியர் தரப்பு வழக்குகளில் காட்டிவந்தது.

பிரம்பு போன வழி சுருக்கமானது. குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. 2000 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அங்குள்ள பள்ளி விதிகளில் உடல் தண்டனைக்கு இருந்த இடத்தை நீக்கியது. தமிழகத்தில் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டது. பிள்ளை தன் தவறை உணர்ந்து திருந்த வாய்ப்புத் தர வேண்டும், உடலுக்கோ மனத்துக்கோ வலி தரக் கூடாது என்பது திருத்தத்தின் சாரம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சலையும் சேர்த்துத் தடுத்தது. 16ஆம் பிரிவு எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்றது. ‘டி.சி. கொடுத்துடுவேன்’ என்ற மிரட்டல் தொடக்கப் பள்ளியில் அன்றோடு செல்லாக்காசாகிவிட்டது. பல பெற்றோருக்கு இது இன்றும் தெரியாது.

சட்டம் செய்யாத ஒன்றை வகுப்பறையின் அமைப்பு செய்தது. எம்.பி.விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதற்கும் பரவியது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். அட்டைகளை எடுத்து அவரவர் வேகத்தில் படித்த வகுப்பில் ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ என்ற கட்டளைக்கு வேலை இல்லாமல் போனது. அந்த முறையின் கல்விப் பயன் பற்றி ஆசிரியர்களிடையே இன்றும் சண்டை உண்டு. மேலிருந்து கீழாகப் பார்க்கும் கோணத்தைச் சில ஆண்டுகளுக்காவது அது மாற்றியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சீருடை, முடி, கயிறு

சீருடைக்கு முன் பள்ளிப் பிள்ளையின் தோற்றமே அவன் சாதியையும் வசதியையும் சொல்லிவிடும். குடுமி, கடுக்கன், மேல்துண்டு, வெற்றுடம்பு எல்லாம் அடையாள அட்டைகள். காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு, 1958 முதல் ஊர்தோறும் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கரும்பலகை, கட்டடம் முதலியவற்றோடு ஏழைப் பிள்ளைகளுக்கான சீருடையையும் ஊராரிடமே கேட்டு வாங்கினார். உடையால் வேற்றுமை தெரியக் கூடாது என்பது அதன் நோக்கம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1985இல் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசே இலவசச் சீருடை கொடுத்தது. 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு செட். துணி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து வருகிறது, தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். அளவு பொருந்தாமல் தோளில் வழியும் சட்டையைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனாலும் தமிழகத் தோற்ற விதிகளில் பிள்ளையின் பக்கம் நின்ற ஒரே விதி இதுதான் என்பேன். உடுத்து என்று கட்டளையிட்டவரே உடையையும் கொடுத்தார்.

மற்ற தோற்ற விதிகள் அப்படியல்ல. தனியார் நர்சரிப் பள்ளி டைரியின் முதல் பக்கங்களைப் பாருங்கள். திங்கள்கிழமை நகம் பார்க்கப்படும். ஷூ பாலிஷ் போட்டிருக்க வேண்டும். எல்.கே.ஜி. பிள்ளையின் நெஞ்சில் கைக்குட்டை ஊக்கால் குத்தியிருக்க வேண்டும். பெண் பிள்ளைக்கு இரட்டைச் சடை, ரிப்பன், அதுவும் பள்ளி சொல்லும் நிறத்தில். கொலுசு கூடாது. நகத்துக்கும் பேனுக்கும் சுகாதாரக் காரணம் உண்டு, ரிப்பனின் நிறத்துக்கு இல்லை. ஆண் பிள்ளையின் தலைமுடி தனி வரலாறு. ‘பாக்ஸ் கட்டிங்’, ‘ஸ்பைக்’ வெட்டிக்கொண்டு வந்தவர்களை வாசலில் நிறுத்துவது, முடிதிருத்துவோரிடம் போய் மாணவர்களுக்கு இப்படி வெட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்வது, கடைக்காரரைப் பள்ளிக்கே வரவழைத்து வெட்டிவிடுவது எனத் தலைமையாசிரியர்கள் காட்டிய ஊக்கத்தில் பாதியைக்கூடக் கைக்கயிற்றில் காட்டவில்லை.

தென் மாவட்டங்களில் மாணவர் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு சாதியின் கொடி. பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சிலர் இதை அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்த பின், 2019இல் பள்ளிக்கல்வி இயக்குநரகம் சுற்றறிக்கை அனுப்பியது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி நிறக் கயிறுகளைச் சொல்லித் தடுக்கச் சொன்னது. அரசியல் எதிர்ப்புக் கிளம்பியதும் தமக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது என்றார் அமைச்சர். சுற்றறிக்கை கிடப்பில் போனது. 2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவரை, அவர் பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன் பள்ளியில் அந்த மாணவர் தொடர்ந்து துன்புறுத்தப்பட்டு, புகாரும் செய்திருந்தார். அதன் பின்னரே ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றுக்குத் தடையும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவதும் பரிந்துரைக்கப்பட்டன. பெயர்ப்பலகையில் ‘ஆதிதிராவிடர் நல’ என்றும் ‘கள்ளர் சீரமைப்பு’ என்றும் எழுதி வைத்துவிட்டு உள்ளே சாதி பார்க்காதே என்று சொல்லும் முரணை அரசு அறிக்கை ஒன்று நேராகச் சொன்னது.

பிள்ளைக்குப் பிள்ளை

மாணவர் மாணவரை வதைப்பதைச் சட்டம் முதலில் கண்டது கல்லூரியில். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. பள்ளிகளுக்கென்று சி.பி.எஸ்.இ. 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டுக் குழு அமைக்கச் சொன்னது. அதில் உள்ள நடவடிக்கைகள் எச்சரிக்கை, இடைநீக்கம், அபராதம், வெளியேற்றம் என்று போகின்றன. கல்லூரி ராகிங் விதிகளின் சாயல் அது. பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்கிக் ‘கறுப்பி’ என்று கூப்பிடும் ஏழு வயதுப் பிள்ளையிடம் அபராதம் வாங்கி என்ன செய்வது?

தமிழக அரசு 2021இல் மாணவர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களைக் கொண்டுவந்தது. அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி வந்தது. 14417, 1098 என்ற உதவி எண்கள் சுவரில் எழுதப்பட்டன. பாலியல் தொல்லைக்கு எதிராக இவை அவசியமான ஏற்பாடுகள். ஆனால் பெட்டிக்கு எழுதத் தெரிந்த பிள்ளை வேண்டும், எண்ணுக்குப் போன் வைத்திருக்கும் பிள்ளை வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. அதற்குத் தெரிந்த புகார் வடிவம் ஒன்றே ஒன்று: “டீச்சர், இவன் அடிக்கிறான்.” அதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “போய் உட்காரு.” ஓராசிரியரும் ஈராசிரியரும் எல்லா வகுப்புகளையும் சேர்த்துப் பார்க்கும் பள்ளிகளில் அந்தப் பதிலுக்காக ஆசிரியரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை.

தொடக்கப் பள்ளிக்கு வேண்டிய விதி உயர்நிலைப் பள்ளி விதியின் சிறு நகலாக இருக்கக் கூடாது. வாய்ப் புகாரை ஆசிரியர் கேட்டுக் குறிக்க ஒரு நோட்டும், அதற்கென்று நாளில் சிறிது நேரமும் வேண்டும். பெயர் எழுதும் அதிகாரத்தை லீடரிடமிருந்து திரும்பப் பெற வேண்டும். தோற்ற விதிகளில் சுகாதாரத்துக்கும் சாதி ஒழிப்புக்கும் தேவைப்படாதவற்றை அடித்துவிடலாம். இவற்றுக்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்திலேயே தொடங்கலாம். அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோர் அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு இடம் உங்களுக்கு உரியது.