கையும் கத்தரியும்: மலையகக் கொழுந்து பறிப்பு முறைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஓர் உற்பத்தித் துறையில் எக்கருவி வழங்கவேண்டும் என்பது தொழில்நுட்ப வினா மட்டுமன்று. உற்பத்தி உறவுகள் பற்றிய வினாவுமாகும். மலையகத் தேயிலைத் தோட்டங்களின் கொழுந்து பறிப்பு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கோப்பிப் பழம் பருவத்துக்கு உரியது. பழம் பறிக்கத் தமிழகத்திலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த தொழிலாளர், பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை அதே நிரைக்கு மீளவேண்டும். எனவே குடும்பம் குடும்பமாகத் தொழிலாளரை லயங்களில் நிலைநிறுத்துவது மூலதனத்தின் தேவையாயிற்று. இவ்வாறு வேரூன்றிய மக்களுள் மிகப் பெரும்பாலாரையே 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது.

இரண்டு இலையும் ஒரு மொட்டும் தெரிந்து கொய்வதும், முற்றல் இலையைத் தவிர்ப்பதும், மட்டக்கம்பு வைத்துச் செடியின் மட்டத்தைப் பேணுவதும் பயிற்சியால் கைவரும் திறன்களாகும். இத்திறனைப் பெண்ணின் இயல்பெனக் கூறித் தோட்டத்துரைமார் அதற்குரிய விலையை மறுத்தனர். ஆண், பெண் நாட்கூலி சமப்படுத்தப்பட்டது 1984இலேயே. குறித்த நிறை பறிக்காதவர்க்கு ‘அரைப்பேர்’ போடும் வழக்கமும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது.

ஜப்பானில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வழக்கிற்கு வந்த பறிப்புக் கத்தரி, இங்கு நெடுங்காலம் பரவாதது ஏன்? டெய்லர் தேயிலை பயிரிட்ட அதே 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்திலே விடை உண்டு. பெண்ணின் உழைப்பு மிக மலிவாய்க் கிடைக்குமிடத்துப் பொறியை நாடவேண்டிய தேவை முதலாளிக்கு இல்லை. இங்கிலாந்தின் கால்வாய்களிற் படகிழுக்கப் பெண்கள் அமர்த்தப்பட்டதை மார்க்ஸ் சுட்டியது இதன்பொருட்டே.

இன்று நிலைமை மாறியுள்ளது. இளந்தலைமுறையினர் தோட்டத்தைவிட்டு நகரங்களை நாடுகின்றனர். ஆட்குறைவினால் கத்தரியும் பொறியும் பேசப்படுகின்றன. கத்தரியால் ஒரு நாளிற் கூடுதலான கொழுந்து வெட்டலாம். ஆயின் அது தளிரையும் முற்றலையும் வேறுபிரித்தறியாது. கவ்வாத்துக்குப் பின் செடியை மட்டமாகப் பயிற்றாவிடின் இலையின் தரம் கெடும். இருவர் ஏந்தும் பொறி செங்குத்தான சரிவுகளுக்குப் பொருந்தாது. ஆகவே, சரிவு குறைந்த மலைகளிற் கத்தரியும், தரமிகு கொழுந்து தரும் மலைகளிற் கையும் என நிலமறிந்து தெரிவதே தக்க வழியெனக் கருதுகிறோம்.

எனினும் மிச்சப்படும் உழைப்பின் பயன் யாரைச் சேரும் என்பதே தலையாய வினா. 2021இல் நாட்கூலி ஆயிரம் ரூபாவாக்கப்பட்டபின், பறிக்கவேண்டிய நிறை பற்றிய பிணக்குகளும் பல தோட்டங்களில் எழுந்தன. கத்தரி வரும் நாளிலேயே கேட்கப்படும் கிலோவும் உயருமாயின், கருவி தொழிலாளியின் சுமையைக் குறைக்காது. கென்யாவின் கெரிச்சோவில் 2023இல் தொழிலாளர் பறிப்புப் பொறிகளுக்குத் தீயிட்டனர். அச்சினம் இரும்பின்மீது எழுந்ததன்று, வேலையிழப்பின்மீது எழுந்ததாகும். கருவியின் தெரிவிலும் நிறையின் நிர்ணயத்திலும் கொழுந்து பறிப்பவளுக்கு வாக்கு இருத்தல் வேண்டும். அதுவரை எம்முறையும் அவளுக்குப் பயனுள்ள முறையாகாது.