அணிலின் முதுகு வரிகள்

அணில் முதுகிலுள்ள மூன்று வரிகளும் இராமபிரான் விரல்களால் தடவியதன் அடையாளம் என்பது நாடறிந்த கதை. சேது கட்டுங்காலத்து மணல் சுமந்து உதவிய அச்சிற்றுயிரைப் பெருமான் பரிவுடன் தடவிக் கொடுத்தான் என்பர். வரிகளைப் பற்றிய பழஞ்செய்திகளும் இக்கதையும் தமிழ் நூல்களில் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை ஈண்டு ஆராய்கின்றோம்.

வான்மீகியார் நூலிலும் கம்பர் காவியத்திலும் அணிலின் இத்தொண்டு இடம்பெறவில்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் அருளிய திருமாலையின் 27ஆம் பாசுரத்தில் அதனைக் காண்கின்றோம். குரங்குகள் மலைகளைத் தள்ள, தாமும் நீரிற் குளித்துப் புரண்டு ஓடிக் கடலை அடைக்க முயன்ற அணில்களுக்கும் ஒப்பாகேனே என ஆழ்வார் அங்கு இரங்குகின்றார். தொண்டு உண்டு, தடவுதல் இல்லை, வரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வரிகளையோ தமிழர் அதற்கு நெடுங்காலம் முன்னரே குறித்துள்ளனர். பூதப்பாண்டியன் தேவியார் பெருங்கோப்பெண்டு பாடிய புறநானூற்று 246ஆம் பாட்டில், வெள்ளரிக்காயின் புறத்தோற்றத்துக்கு அணில் வரியே உவமை. கணவனை இழந்து தீப்புகத் துணிந்தவர், கைம்மை நோன்பின் எளிய உணவைச் சொல்லுமிடத்து இவ்வுவமையை ஆள்கின்றார். கேட்போர் அனைவரும் அறிந்த பொருளே இங்ஙனம் உவமையாகும். ஆயினும் வரி எத்துணை என்பதை அப்பாட்டுக் கூறவில்லை. எண்ணைத் தருவது தொல்காப்பிய மரபியல். மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கின் இளமைக்கும் குட்டி என்னும் பெயரை உரியதாக்கும் நூற்பாவில், அணிலுக்கு அடையாக வருவது மூவரி என்பது. மரபியலைப் பிற்சேர்க்கை என்பாரும் உளராதலின், காலவரையறைக்குப் புறப்பாட்டையே யாம் முதன்மையாகக் கொள்கின்றோம்.

எலியும் அணிலும் அந்நூற்பாவில் அடுத்தடுத்து நிற்றல் கண்டு, கொறிவிலங்குகள் என்னும் இக்கால இனப்பகுப்பைத் தொல்காப்பியர் அன்றே கண்டார் எனச் சிலர் மகிழக்கூடும். அதனை யாம் உடன்படோம். உடனெண்ணப்பட்ட மூங்காவும் வெருகும் ஊனுண்ணிகள். நூற்பா பெயர்மரபு பற்றியதேயன்றிப் பல்லமைப்புப் பற்றியது அன்று.

ஆகவே வரி பற்றிய அறிவும் தொண்டு பற்றிய கதையும் முதலில் வேறு வேறாகவே நின்றன. விரல் தடவிய செய்தி அவ்விரண்டையும் பின்னர் இணைத்தது எனக் கருதுகின்றோம். அவ்விணைப்பு எங்கு நிகழ்ந்தது என்பதற்கு விலங்கியல் ஒரு குறிப்பைத் தருகின்றது. 1766இல் லின்னேயசு பனைக்குரியது என்னும் பொருள்படப் பெயரிட்ட மூவரி அணில், தென்னாட்டிலும் இலங்கையிலும் வாழ்வது. கங்கைச் சமவெளியில் மிகுதியாகக் காணப்படும் அணிலுக்கு வரிகள் ஐந்து.