தழும்புக்கு யார் சாட்சி?

1/ கேஷுவாலிட்டியில டூட்டி பார்த்த எந்த டாக்டரையும் கேட்டுப் பாருங்க. ஏ.ஆர். எழுதும்போது காயத்தோட நீளம், அகலம், இடம் எல்லாம் எழுதுவோம். "எப்படி ஏற்பட்டது?" என்ற இடத்தில் வந்தவர் சொன்னதை ஒரு வரியில எழுதிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிடுவோம். அந்த ஒரு வரிக்காக ஒருத்தர் பல வருஷம் கோர்ட் படி ஏறின வரலாறு இது. த்ரெட் கொஞ்சம் நீளம்.

2/ 1951 அகதிகள் ஒப்பந்தப்படி, இனம், மதம், நாட்டினம், சமூகக் குழு, அரசியல் கருத்து காரணமா துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சம் இருக்கணும். அந்த அச்சத்துக்கு நியாயமான அடிப்படையும் இருக்கணும். சிக்கல் இங்கதான். சித்திரவதை செஞ்சுட்டு யாரும் ரசீது கொடுக்கறதில்ல. தப்பி வந்தவர்கிட்ட பெரும்பாலும் ரெண்டுதான் இருக்கும்: அவர் சொல்ற கதை, அவர் உடம்பு.

3/ அப்போ எவ்வளவு ஆதாரம் போதும்? பிரிட்டனில் இதுக்கு விடை வந்ததே ஈழத்தமிழர் வழக்கில்தான். தஞ்சம் மறுக்கப்பட்ட ஆறு தமிழர்கள். சிவகுமாரன் வழக்குன்னு பேர். 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை சொன்னது: நூத்துக்கு 51 பங்கு நிரூபிக்க வேண்டாம், ஆபத்து வர நியாயமான அளவு வாய்ப்பு இருந்தா போதும். ஆனா மனசுல பயம் இருந்தா மட்டும் போதாது, வெளியிலயும் ஆபத்து இருக்கணும்.

4/ விதி கிடைச்சது, வழக்கு தோத்தது. ஐந்து பேரை 1988 பிப்ரவரியில் இலங்கைக்கே திருப்பி அனுப்பினாங்க. நாட்டை விட்டுப் போன பிறகுதான் அவங்க மேல்முறையீடு செய்யமுடியும்னு அன்றைய சட்டம்! 1989 மார்ச்சில் அந்த மேல்முறையீட்டில் ஜெயிச்சு, அதே வருஷம் பிரிட்டனுக்குத் திரும்பினாங்க. 1991ல் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றமோ, திருப்பி அனுப்பினதில் மீறல் இல்லைன்னு தீர்ப்பு சொன்னது.

5/ இப்போ நம்ம துறைக்கு வருவோம். 1999ல் ஐ.நா.விடம் அளிக்கப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை, சித்திரவதைக் காயங்களை டாக்டர் எப்படி எழுதணும்னு சொல்லுது. ஐந்து படி: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இவ்வகைக் காயத்தில் வழக்கமாகக் காண்பது, வேறெதனாலும் வந்திருக்க முடியாதது. ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு.

6/ கே.வி. ஒரு இலங்கைத் தமிழர். கோர்ட் பதிவில் அவ்வளவுதான் பேர். 2011ல் பிரிட்டன் வந்தார். முதுகிலும் கையிலும் சூட்டுத் தழும்புகள். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் காவலில் சுட்டாங்க என்றார். விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

7/ தீர்ப்பாயம் சொன்ன காரணத்தைக் கேளுங்க: தஞ்சம் வாங்குறதுக்காக அவரே வேறொருத்தரை வெச்சு சூடு போட்டுக்கிட்டிருக்கலாம்! முதுகுத் தழும்போட ஓரம் கோடு போட்ட மாதிரி இருக்கு, மயக்க மருந்து கொடுத்திருந்தாதான் அப்படி வரும்னு சந்தேகம்.

8/ இனி யோசிங்க. சூடு படும்போது நினைவு இருந்தா உடம்பு துள்ளும், தழும்போட ஓரம் கலையும். அவர் கைத் தழும்பு அப்படித்தான் கலைஞ்சிருந்தது. கையில சுட்டப்போ நினைவு இருந்தது, வலியில மயங்கின பிறகு முதுகில சுட்டாங்கன்னு அவர் சொன்னதோட இது அச்சா பொருந்துது. மயக்க மருந்து கொடுத்துதான் சுட்டாங்கன்னா, கைத் தழும்பு மட்டும் ஏன் கலையணும்?

9/ 2017ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2-1 என்று தோல்வி. 2019 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதா அந்த முடிவை ரத்து செஞ்சு மறுவிசாரணைக்கு அனுப்பியது. தஞ்சத்துக்காக இப்படிச் சுட்டுக்கறது மிக மிக அபூர்வம்னும் சொன்னது. நமக்கு முக்கியம் இது: சூடான கம்பியால் வந்த காயம் என்பதோட டாக்டர் நிறுத்திக்க வேண்டியதில்லை. எந்தச் சூழ்நிலையில் நடந்ததா அவர் சொல்றாரோ, அதோட பொருந்துதா என்றும் தன் நிபுணத்துவத்துக்குள் நின்று சொல்லலாம்.

10/ கதை முடியல. 2022 ஜூன் 28 முதல் வந்த விண்ணப்பங்களுக்குப் புதுச் சட்டம். பயம் உண்மையா என்ற பகுதிக்கு அந்த 51 பங்கு கணக்கு திரும்ப வந்தாச்சு. திரும்பிப் போனா ஆபத்தா என்பதுக்குத்தான் பழைய அளவுகோல்.

11/ அதனால தம்பி தங்கைகளே, அடுத்த தடவை காயம் எழுதும்போது ஓரம் எப்படி இருக்கு, எந்தத் திசை, நோயாளி சொன்னதோட பொருந்துதா, எல்லாத்தையும் எழுதுங்க. ரெண்டு நிமிஷம் கூடுதலா ஆகும். பல வருஷம் கழிச்சு, எங்கேயோ ஒரு நாட்டில், அந்த மனுஷனுக்கு அது ஒண்ணுதான் சாட்சியா இருக்கலாம்.