காணாமல் போன 69 ஜிபி

2012 தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலிருந்த பழைய ஆல்பங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கொண்டிருந்தேன். அப்பா அம்மா கல்யாணப் படம் முதல் பேரன் காதுகுத்து வரை எல்லாம் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று எண்ணம். டிஸ்க்கின் பெட்டியில் கொட்டை எழுத்தில் 1 டிபி என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் செருகினால் விண்டோஸ் காட்டியது 931 ஜிபி.

முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். ஆயிரத்தில் 69 குறைந்தால் சும்மா விடுவேனா? மறுநாளே கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன், "எல்லா டிஸ்க்கும் இப்படித்தான் சார் காட்டும்" என்றான். "எடை குறைச்சுப் போடுற அரிசிக் கடைக்காரனும் இதையேதான் சொல்லுவான்" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பையன் முகம் சிவந்துவிட்டது. டிஸ்க்கை மாற்றாமலே கோபத்தோடு திரும்பி வந்தேன்.

தீபாவளிக்கு மகள் வந்தாள். அவளிடம் இருப்பது ஆப்பிள் லேப்டாப். படங்களைக் காட்டுவதற்காக அதே டிஸ்க்கை அதில் செருகினேன். அது 1 டிபி என்று காட்டியது! ஒரே டிஸ்க், ஒரு கம்ப்யூட்டரில் முழுசு, இன்னொன்றில் குறைவு. அப்போதுதான் கடைக்காரனை விட்டுவிட்டுக் கணக்கைத் துருவ ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். கிலோ என்றால் ஆயிரம் என்பது நமக்குத் தெரியும். மெகா பத்து லட்சம், ஜிகா 100 கோடி, டெரா லட்சம் கோடி. ஜிகா, டெரா இரண்டையும் 1960-லேயே சர்வதேச எடை அளவு மாநாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரின் மெமரிக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்து வராது. அதற்குத் தெரிந்தது இரண்டே நிலைதான், உண்டு, இல்லை. மெமரியில் ஓர் இடத்தைக் குறிப்பிட 10 கம்பிகள் இருந்தால், இரண்டைப் பத்து முறை பெருக்கி 1024 இடங்களைக் குறிக்கலாம். ஆயிரத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அந்தக் காலத்து என்ஜினியர்கள் 1024-ஐயும் கிலோ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதன் கொள்ளளவு தட்டுகளின் எண்ணிக்கையையும், ஒவ்வொரு தட்டிலும் எவ்வளவு பதிய முடிகிறது என்பதையும் பொறுத்தது. அதனால் டிஸ்க் தயாரிப்பவர்கள் நேரான ஆயிரக் கணக்கையே அச்சிட்டார்கள். டிஸ்க்கின் அளவைத் திரையில் காட்டும் ஆபரேட்டிங் சிஸ்டமோ மெமரிக்குப் பழகிய 1024-ஆல் வகுத்தது.

என் டிஸ்க்கில் லட்சம் கோடி பைட் இருக்கத்தான் செய்தது. விண்டோஸ் கணக்கில் ஒரு ஜிபி என்பது 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட். லட்சம் கோடியை அதால் வகுத்துப் பாருங்கள், 931 வரும். ஒரு பைட் கூடக் காணாமல் போகவில்லை. படியைப் பெரிதாக்கினால் அளந்த நெல்லில் படிக்கணக்கு குறையும், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இது யார் கண்ணிலும் படவில்லை. கிலோவில் வித்தியாசம் 2.4 சதவீதம்தான். மெகாவில் ஏறக்குறைய 5, ஜிகாவில் 7-க்கு மேல், டெராவில் கிட்டத்தட்ட 10. 20 எம்பி டிஸ்க் 19 என்று காட்டினால் யார் சண்டைக்குப் போவார்கள்? நாம் ஆபீசில் பயன்படுத்திய 1.44 எம்பி ஃபிளாப்பி நினைவிருக்கிறதா? அதில் இருந்தது 14,74,560 பைட். ஆயிரக் கணக்கில் அது 1.47, மற்றக் கணக்கில் 1.41. ஒரு தடவை 1024-ஆலும் இன்னொரு தடவை 1000-ஆலும் வகுத்தால்தான் 1.44 வருகிறது! கல்யாண வீடியோ பதிந்து தரும் டிவிடியில் 4.7 ஜிபி என்று இருக்கும், விண்டோஸில் அது 4.38.

அமெரிக்காவில் என்னைப் போன்றவர்கள் கோர்ட்டுக்கே போயிருக்கிறார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் மேல் போட்ட வழக்கு 2006-ல் சமரசத்தில் முடிந்தது. வாங்கியவர்களுக்கு பேக்கப் எடுக்கும் சாஃப்ட்வேர் இலவசம். சீகேட் 2007-ல் விலையில் 5 சதவீதம் அல்லது சாஃப்ட்வேர் தருவதாக ஒப்புக்கொண்டது. தவறு செய்ததாக இரு கம்பெனிகளும் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு எப்போதோ மருந்து எழுதியாகிவிட்டது. 1998 டிசம்பரில் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்குத் தனிப் பெயர்கள் வைத்தது. கிபிபைட், மெபிபைட், கிபிபைட்... இல்லை, மூன்றாவது ஜிபிபைட் என்று சொல்ல வேண்டுமாம். எனக்கே நாக்கு குழறுகிறது. பெயர் ஊரில் ஒட்டாததில் ஆச்சரியமில்லை.

இதைப் படித்தபோது எனக்கு 1957 ஞாபகம் வந்தது. அந்த ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா என்றிருந்தது 100 பைசாவாக மாறியது. பழைய பைசா வேறு, புதுப் பைசா வேறு. குழம்பாமல் இருக்கத்தான் புதியதற்கு நயா பைசா என்று பெயர். அப்படியும் சண்டை ஓயவில்லை. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா வரும், அட்டவணைப்படி கொடுப்பது 6. ஒவ்வோர் அணாவாக 16 தடவை மாற்றினால் கையில் 96. மீதி நாலு பைசாவைக் கடைக்காரர் விழுங்கிவிட்டார் என்று எங்கள் தெருவில் சத்தம் போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். பழைய காசு புழக்கத்திலிருந்து போனதும், 1964-ல் 'நயா' என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள்.

கம்ப்யூட்டரில் பழைய காசு போகவே இல்லை. மெமரி இன்றும் 1024 கணக்குதான். டிஸ்க் விஷயத்தில் ஆப்பிள் 2009 ஆகஸ்டில் ஸ்னோ லெப்பர்டு வந்தபோது ஆயிரக் கணக்குக்கு மாறியது. 232 ஜிபி என்று காட்டிய டிஸ்க் மறுநாள் 250 என்றது. டிஸ்க்கில் எதுவும் மாறவில்லை, வகுக்கும் எண் மாறியது. கோப்புகளின் அளவும் அதே கணக்கில் கூடித் தெரிந்தது. 2010-ல் உபுண்டுவும் டிஸ்க்குக்கும் கோப்புக்கும் ஆயிரம், மெமரிக்கு 1024 என்று விதி வகுத்தது. விண்டோஸ் பழைய கணக்கிலேயே வகுத்து, ஜிபி என்றே எழுதுகிறது. அதனால்தான் மகள் கம்ப்யூட்டரில் 5 ஜிபியாக இருக்கும் வீடியோ என்னுடையதில் 4.66 ஆகிறது.

பொங்கலுக்கு முன் அந்தக் கடைக்குப் போனேன். அதே பையன்தான் இருந்தான். "தம்பி, அன்னைக்கு டிஸ்க் குறையுதுன்னு சத்தம் போட்டேனே, தப்பு என் பேர்ல. மனசுல வச்சுக்காதப்பா" என்றேன். அவன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "எந்த டிஸ்க் சார்? வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படித் திட்டிட்டுப் போவாங்க, ஞாபகம் இல்லை" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி யாராவது புது டிஸ்க் வாங்கி அளவு குறைகிறது என்று கிளம்பினால், கடைக்குப் போகுமுன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காகிதத்தில் வகுத்தே காட்டுகிறேன்.